ஏழு மணிக்குள் வந்திருப்பார்

போன வருடம் ஆவணி மாதம் நடந்தது இது. நாங்கள் வண்டியூரில் குடியிருக்கிறோம். நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். புதிதாக வந்த டாக்டர், இங்கிலீஷ் பேசினால்தான் அந்த சீட் என்று சொல்லிவிட, செல்போனிலேயே நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுவார்கள். தினமும் சாயங்காலம் போனில் பேசிப் பழக வேண்டும். எனக்கு வாய்த்தவர் திருவாதவூர்ப் பக்கம் ஒரு அம்மா. முகம் பார்த்ததில்லை.

ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் டென்ஸ் வரும்வரை ஒரு வம்பும் இல்லை. ஒரு நேரத்தைச் சொல்லி, அதற்குள் என்னென்ன முடிந்திருக்கும் என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும். அந்த அம்மா எடுத்த எடுப்பிலேயே, பத்து மணிக்குள் வீட்டில் எல்லோரும் கிளம்பியிருப்பீர்களா என்று கேட்டார். அடுத்து, ஐந்து மணிக்குள் யாராவது திரும்பியிருப்பார்களா என்றார். எனக்குப் பகீரென்றது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். லாக்கர் கிடைக்காமல் நகையெல்லாம் வீட்டு பீரோவில் இருந்தது. பகலில் வீட்டில் ஈ, காக்காய் கிடையாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இம்புட்டு வெவரம் அந்தம்மாவுக்கு எதுக்காம்? களவாணிப்பய கேக்குற கேள்வில்ல இது" என்றார்.

மறுநாளே ஒரு மாமனாரையும் ஒரு ராஜபாளையம் நாயையும் உண்டாக்கினேன். பத்து மணிக்குள் மாமனார் நாயைக் குளிப்பாட்டியிருப்பார், பன்னிரண்டுக்குள் அது தின்று முடித்து வாசலில் படுத்திருக்கும் என்று அளந்துவிட்டேன். பொய் சொல்லச் சொல்ல இங்கிலீஷ் சரளமாக வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவரோ விடாமல் நாயைப் பற்றியே விசாரித்தார். என்ன தின்னும், புது ஆளைக் கண்டால் கடிக்குமா என்றெல்லாம் கேட்கவும் என் சந்தேகம் முற்றிவிட்டது.

அவர் சொன்ன பதில்களும் சரியில்லை. அவருடைய வீட்டுக்காரர் ஒரு வாரம் போலீஸில் வேலை பார்த்தார். மறுவாரம் சிம்மக்கல்லில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். ஏழு மணிக்குள் அவர் வீட்டுக்கு வந்திருப்பார் என்பதில் மட்டும் மாற்றமே இல்லை. ஏழு தாண்டியும் பேசியிருக்கிறோம். பின்னால் ஒரு ஆண் குரல், ஒரு செருமல்கூடக் கேட்டதில்லை.

வகுப்பு முடிந்து, சர்டிபிகேட் வாங்க எல்லோரையும் சிம்மக்கல்லில் இருக்கும் அவர்கள் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். ஆளை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். மாடிப்படியில் நின்றிருந்த, கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மா ஒருவர் என் குரலைக் கேட்டுத் திரும்பினார். கையில் பெரிய பொறை ரொட்டி பாக்கெட்.

"உங்க நாய்க்கு வாங்கியாந்தேன்" என்றார்.

வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. நாயும் இல்லை, மாமனாரும் இல்லை, பயந்துபோய்ச் சொன்னேன் என்று ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. பாக்கெட்டை என் கையில் கொடுத்தார். "எங்க வீட்டுக்கும் ஏழு மணிக்கு யாரும் வர்றதில்லக்கா. அவுக தவறி ரெண்டு வருசமாச்சு. நீங்களும் அதே கேள்வியத்தான கேட்டீக? தனியா இருக்கேன்னு முகம் தெரியாதவுககிட்ட எப்படிச் சொல்றது?"

நானும் அதே கேள்விகளைத்தான் கேட்டிருந்தேன். அது ஒரு நாளும் எனக்கு உறைக்கவே இல்லை.

பொறையை பஸ் ஸ்டாப்பில் படுத்துக் கிடந்த நாய்களுக்குப் போட்டுவிட்டு வந்தோம். மகள் கல்யாணத்துக்கு அவர் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். நான் மண்டபத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தபோது பீரோ சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

இப்போதும் தினமும் போனில் பேசுகிறோம், தமிழில்தான். 'வந்திருப்பார்' என்று அவர் சொன்ன அந்தப் பொய்யில் பயம் எவ்வளவு, ஏக்கம் எவ்வளவு என்று நினைத்துப் பார்க்கும்போது, ஏழு மணி அடித்த பிறகும் அவரைக் கூப்பிடாமல் இருக்க எனக்கு மனசு வருவதில்லை.