இரு நாடுகளுக்கு நடுவே அரை அங்குலம்

நடுவுநிலைமை என்னும் அறம் நாவில் வாழ்வது எளிது. கையில் வாழ்வது அரிது. அதை நாவில் வைத்துப் பிழைப்போர் மன்றங்களிலும் மாளிகைகளிலும் மலிந்து கிடக்கின்றனர். கையில் வைத்து வாழ்ந்தவரோ ஒரு தச்சர். அரசு விருந்தினர் மாளிகையின் கதவுகளுக்கும் கட்டில்களுக்கும் நாற்காலிகளுக்கும் இருபத்தாறு ஆண்டுகளாக வைத்தியம் பார்த்தவர். பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பதிவேட்டில் உறங்க, உலகம் அவரை ‘ரசமட்டம்’ என்றே அழைத்தது. கண்ணாடிக் குழலுக்குள் குமிழ் ஒன்று மிதக்கும் அச்சிறு கருவி அவர் சட்டைப்பையை விட்டு நீங்கியதில்லை. குமிழ் நடுவில் நின்றால் தளம் சமம், விலகினால் சாய்வு. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் அதற்கில்லை.

“கல்யாணத்தன்னைக்கு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. இவர் நான் சாஞ்சு நின்ன கதவைப் பார்த்தார். கோணலாம்!” என்று அவர் மனைவி முப்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. தாம் இழைத்த மரத்தின் சுருளைத் தாமே பெருக்கி அள்ளாமல் இடத்தை விட்டு அகல மாட்டார். அவர் வேலை செய்த அறையில் ஒரு துகள் கிடந்தால் அது வேறு எவரோ போட்டது என்று மாளிகையில் அனைவரும் அறிவர்.

அவருடைய மாப்பிள்ளை படையில் லாரி ஓட்டுபவர். துப்பாக்கி தூக்கியவர் அல்லர். முகாம்களுக்கு உருளைக்கிழங்கு மூட்டை சுமந்தவர். பனி மூடிய காலை ஒன்றில் வழி தவறிய லாரி, மண்ணில் இல்லாது வரைபடத்தில் மட்டும் இருந்த ஒரு கோட்டைக் கடந்தது. அக்கணமே அந்தப் பக்கத்து அரசு அவரை ஒற்றன் என்றது. இந்தப் பக்கத்து அரசு மாவீரன் என்றது. உருளைக்கிழங்கைப் பற்றி இருவரும் மூச்சு விடவில்லை. பதினொரு மாதங்கள் ஓடின. அவர் பிடிபட்ட பின் பிறந்த பெண்குழந்தை, தகப்பன் முகம் அறியாமலே தவழக் கற்றது.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற மேலாளர் ஒருவர் இருந்தார். சோபாவில் சாய்ந்தபடி படை நடத்துவதில் அவருக்கு நிகர் அவரே. “ஒரே நாள்ல கதையை முடிச்சுடணும்!” என்று தொலைக்காட்சியை நோக்கி முழங்குவார், தம் மகனை மட்டும் போர்முழக்கம் எட்டாத தொலைவில் படிக்க வைத்திருந்தார். ஒருநாள் தச்சரின் மகளைத் தெருவில் நிறுத்தி, “நாட்டுக்காக ஒருத்தர் உள்ள இருக்கறது உங்களுக்குப் பெருமைதானேம்மா?” என்றார்.

“அந்தப் பெருமையில பாதியை உங்க வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டுமா சார்?” என்றாள் அவள். அன்று சாத்திய சன்னலை அவர் திறக்கவேயில்லை.

இந்நிலையில், இரு நாட்டுப் பெருமக்களும் கைதிகளை விடுவிப்பது குறித்துப் பேசக் கூடினர். இடம், தச்சர் பணியாற்றிய அதே மாளிகை. நீண்ட மேசை, இப்புறம் ஆறு நாற்காலி, சன்னல் ஓரமாய் அப்புறம் ஆறு. மேசை நடுவே ஓர் உறை. அதனுள் பத்துப் பெயர்கள். அவற்றுள் ஒன்று மாப்பிள்ளையுடையது.

முதல் நாள் முழுவதும் வரவேற்பிலும் படம் எடுப்பதிலும் கழிந்தது. மறுநாள் செய்தித்தாளில் அப்படம் வந்தபோது, இந்த நாட்டாரின் தலைகள் ஒரு மயிரிழை உயர்ந்து தெரிந்தன. வந்தது வினை. விருந்தினர் உட்கார மறுத்தனர். அளவுநாடா வந்தது, நாற்காலிகள் பன்னிரண்டும் ஒரே உயரம். அப்படியானால் நாடா பொய் என்றனர். அவர்கள் தங்கள் நாடாவை வரவழைத்தனர்; அதுவும் அதையே சொன்னது. கல்வியிற் பெரியோர், களம் பல கண்டோர், பன்மொழிப் புலவர் எனப் பன்னிரு பேரும் நாற்காலிக் கால்களை நோக்கிக் குனிந்து நின்ற காட்சியைக் காண எந்தத் தெய்வம் கண் திறந்திருந்ததோ, அறியோம்.

ரசமட்டம் அழைக்கப்பட்டார். தரையில் கருவியை வைத்தார், பார்த்தார், வரவேற்பு அதிகாரியிடம் சென்றார்.

“ஐயா, பன்னிரண்டும் என் கையால செஞ்சது. நாற்காலியில குத்தமில்ல. தரைதான் சன்னல் பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கு.”

“மெதுவாப் பேசுய்யா! நம்ம நாட்டுத் தரை இறங்கியிருக்குன்னு அவங்க காதுல விழணுமா?”

“அவங்க நாற்காலிக் காலுக்கு அடியில சின்னக் கட்டை வெச்சா சமமாயிடுங்க.”

“அவங்களை நாமளே உயர்த்தறதா? அப்புறம் நான் வேலையில இருக்க வேணாமா?”

“அப்ப நம்மளோடதை அறுத்துக் குறைச்சுடறேன்.”

“நாம தாழ்ந்து போறதா?”

“பக்கத்தையாவது மாத்தி உட்காரலாமே ஐயா?”

“சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தா முகம் இருட்டா விழும். படம் நல்லா வராது.”

“அப்ப என்னதாங்க செய்யட்டும்?”

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அவங்களோடதை இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமான்னு பாரேன்.”

நாளை நண்பகலுக்குள் மரியாதை கிட்டாவிடில் விமானம் ஏறுவோம் என்று விருந்தினர் அறிவித்தனர். உறை பிரிக்கப்படாமலே கிடந்தது.

மாலை வீட்டு வாசலிலேயே மகள் காத்திருந்தாள். “பட்டியலைப் பிரிச்சாங்களா அப்பா?”

“இன்னும் யாரும் உட்காரவே இல்லம்மா.”

“இன்னைக்குப் பூரா என்ன பண்ணினாங்க?”

“நின்னாங்க.”

“நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டா கை கோணிக்குமா?” என்று உள்ளிருந்து மனைவி கேட்டார்.

மகள் சிரிக்கவில்லை. “நாளைக்கு அவங்க போயிட்டா, அப்புறம் எப்பப்பா?” என்றாள். குமிழைப் பிடிக்க முயன்று கண்ணாடிக் குழலைச் சப்பிக்கொண்டிருந்த பேத்தியைத் தச்சர் நெடுநேரம் பார்த்தார். பின்பு எழுந்து, அரை அங்குல உயரத்தில் இருபத்து நான்கு கட்டைகளை அறுத்தார்; கால்களின் நிறத்தையே அவற்றுக்கும் பூசினார். இழைத்த சுருளை ஒரு பையில் திணித்தார்.

மறுநாள் காலை, பெருமக்கள் வருமுன், விருந்தினர் நாற்காலிகளின் கால்களில் அக்கட்டைகளை ஒட்டினார். இருபக்க இருக்கைகளுக்கும் குறுக்கே ஒரு நேர்ப்பலகை இட்டுக் கருவியை வைத்தார். குமிழ் நட்டநடுவில் நின்றது. செய்யவேண்டிய உண்மை அத்துடன் முடிந்தது. பின்னர், பையைத் திறந்து இரு வரிசைகளுக்கு அடியிலும் மரச்சுருளைத் தூவினார், பெருக்காமல் வெளியேறினார். வாய் பொய்க்கவில்லை, கை பொய்த்தது. இருபத்தாறு ஆண்டில் முதன்முறை. அதை அவர் அறிந்தே செய்தார்.

அதிகாரி நுழைந்தார். விருந்தினர் நாற்காலிகளின் கீழ்ச் சுருளைக் கண்டார். “அறுத்துட்டான்யா! கெட்டிக்காரன்!” என்று தம் தலைவர் காதில் ஓதினார். விருந்தினர் நுழைந்தனர். எதிர் வரிசையின் கீழ்ச் சுருளைக் கண்டு ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தனர். தாம் உயர்ந்ததில் அல்ல, பிறர் தாழ்ந்ததில் மகிழ்ந்து, பன்னிருவரும் சரிசமமாக உட்கார்ந்தனர். தம் காலடியைக் குனிந்து பார்க்கும் வழக்கம் அவர்களுள் எவருக்கும் இல்லாதது மாப்பிள்ளை செய்த புண்ணியம்.

பதினொரு மாதச் சிறை ஏழு நிமிடங்களில் தீர்ந்தது. பெயர்களை எவரும் படிக்கவில்லை. கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ளப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. “இது நமது அசையாத உறுதிக்குக் கிடைத்த வெற்றி” என்று இரு நாட்டு வானொலிகளும் அன்று ஒரே சொற்களில் முழங்கின. தரையைச் செப்பனிடக் கோரித் தச்சர் எழுதிய விண்ணப்பம் மட்டும், ‘அவ்வாறான சரிவு ஏதுமில்லை’ என்ற குறிப்புடன் திரும்பி வந்தது.

மாப்பிள்ளை எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். குழந்தை அவரைக் கண்டு வீறிட்டது. தாத்தாவின் சட்டையைப் பற்றிக்கொண்டது.

“அழட்டும் மாப்பிள்ளை, பழகிடும். அங்க அடிச்சாங்களா?”

“மொதல்ல அடிச்சாங்க மாமா. அப்புறம் தினம் ஒரே கேள்விதான். உருளைக்கிழங்குக்கு உள்ள என்ன இருக்குன்னு.” அவர் சிரிக்க முயன்றார், இருமல்தான் வந்தது. “எப்படி மாமா திடீர்னு விட்டாங்க?”

“அரை அங்குலத்துல மாட்டியிருந்துச்சு மாப்பிள்ளை. தட்டி விட்டேன்.”

மகள் அப்போதுதான் சிரித்தாள், பதினொரு மாதத்திற்குப் பின். தச்சர் துடைப்பத்தை எடுத்து, மூன்று நாள்களாகத் தம் பட்டறை மூலையில் கிடந்த மிச்சச் சுருளைப் பெருக்கி அள்ளினார்.

எந்நாட்டு எல்லைக்கும் உட்படாத இறைவன் அவ்வில்லத்தைக் காப்பானாக! அக்குழந்தை தந்தையின் தோளை விரைவில் அறிக. அவ்வீட்டு மகளின் சிரிப்பு இனி எவர் கையெழுத்துக்கும் காத்திராமல் மலர்க. பெரியோர் எவர் கண்ணிலும் படாமல், அந்தக் குடி சாயாது நெடிது வாழ்க!