அடுப்படி மதரசா

எங்கள் அத்தாவுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தது நான்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் உருகிப்போகிறார்கள். மகளே தகப்பனுக்கு உஸ்தாத் ஆகிவிட்டாளே, என்ன பாக்கியம் என்கிறார்கள். பாக்கியம்தான். நாற்பது தாண்டிய ஒரு ஏசி மெக்கானிக்கை எதிரே உட்காரவைத்து, தினமும் விடியற்காலையில் பாடம் எடுத்துப் பார்த்தால் அந்தப் பாக்கியம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கும் தெரியும்.

இரும்புலியூரில், ஜிஎஸ்டி ரோட்டுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் எங்கள் வீடு. ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுப்படி. ஹாலில் ஜன்னல் ஓரமாகக் கட்டிலில் அத்தாவின் தகப்பனார் படுத்திருப்பார். நாங்கள் அவரைத் தாதா என்று கூப்பிடுவோம். இதயம் பலவீனமாகிவிட்டது, இனிமேல் மருந்து மாத்திரையில் ஓட்டவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தா அவருக்கு ஒரே மகன்.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் யாருடைய ஏசி ஃபில்டரையோ கழுவிக்கொண்டிருந்த அத்தா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு ஓதக் கத்துக்குடுப்பியாம்மா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அத்தா சிரிக்கவில்லை.

எங்களில் ஒருவர் இறந்துவிட்டால் அடக்கம் செய்யுமுன் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை நடக்கும். முன்னால் நின்று அதைத் தொழவைக்கிற உரிமை இறந்தவரின் மகனுக்கு உண்டு. அதனால் வழக்கமாகத் தொழவைக்கும் ஹஜரத் ஒரு மரியாதைக்குத் திரும்பி, "வாரிசு தொழவைக்கிறீங்களா, நான் வைக்கட்டுமா?" என்று கேட்பார். அத்தாவின் அம்மா மௌத்தானபோது அவரையும் அப்படிக் கேட்டிருக்கிறார். ஜமாஅத் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அத்தா தெரியாது என்று தலையாட்டிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். சின்ன வயதில் மதரசாவிலிருந்து ஓடி ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர். காதால் கேட்டுப் பழகிய இரண்டு மூன்று சின்ன அத்தியாயங்களை வைத்தே அதுவரை தொழுகையை ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை அப்படித் தலையாட்டக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. அந்த இன்னொரு தடவை யாருக்காக வரப்போகிறது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுலபமாக ஒரு வழி சொன்னாள். அந்தத் தொழுகைக்கு வேண்டியது கொஞ்சம்தான், மையித்துக்காக, அதாவது இறந்தவருக்காகக் கேட்கும் துஆவைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றாள். அத்தா ஒப்புக்கொள்ளவில்லை.

"லீக் எங்க கீதுன்னு பாக்காம கேஸ் மட்டும் அடிச்சிட்டுப் போற மெக்கானிக் நான் இல்ல" என்றார். "அடியிலேர்ந்து வரணும். மொத எழுத்து அலிஃப்லேர்ந்து ஆரம்பிக்கலாம். திருமறையை எடுத்துத் தானா ஓதுற அளவுக்கு வரணும். தெனமும் ஒக்காரணும். ஒருநாள்கூட உடக்கூடாது."

அவருடைய கொள்கைக்கு என் தூக்கம் பலியானது. அண்ணனைக் கேட்டிருக்கலாம், ஆனால் அண்ணனும் அத்தாவைப் போலவே மதரசாவிலிருந்து ஓடியவன். பள்ளிவாசலில் பெரியவர்களுக்கென்று வகுப்பு நடந்தது. அங்கே போக அத்தாவுக்கு வெட்கம். ஆகவே நான்தான்.

பாடம் நடந்த இடம் அடுப்படி. ஹாலில் உட்கார்ந்தால் தாதா காதில் விழும். தன் மகன் எதற்குத் திடீரென்று ஓதக் கற்றுக்கொள்கிறான் என்று அவர் யோசித்தால் என்ன ஆவது என்று அத்தாவுக்குப் பயம். அதனால் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா ஒரு பக்கம் டீ போட, நாங்கள் ஒரு பக்கம் பாய் விரித்துப் பலகையை வைத்து உட்காருவோம். என்னை எழுப்பும் வேலையில் மட்டும் அத்தா குறை வைத்ததே இல்லை. பெருநாளன்று எழுப்பினார். எனக்குக் காய்ச்சல் கண்டிருந்தபோதும் எழுப்பி, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சும்மா படுத்துகினே கேளு, நான் ஓதுறேன்" என்றார். எங்களுக்கு லீவே கிடையாது.

உட்கார்ந்த பிறகுதான் கஷ்டகாலம் ஆரம்பிக்கும். தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டிய எழுத்து ஒன்று இருக்கிறது. மதரசாவில் எங்கள் ஆலிமா அதை ஒரே வாரத்தில் எனக்கு வரவழைத்துவிட்டார். அத்தாவுக்கு மாதக்கணக்கில் வரவில்லை. முயற்சி செய்தால் இருமல் வந்தது. ஒருநாள் ஹாலிலிருந்து தாதா, "யாருக்கு இருமல்? சுக்குத் தண்ணி வெச்சுக் குடுங்க" என்று குரல் கொடுத்தார். அம்மா உண்மையிலேயே சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுக்க, வேறு வழியில்லாமல் அத்தா அதைக் குடித்தார்.

போன் ஒரு பெரிய தொல்லை. வெயில் காலத்தில் தாம்பரத்தில் யார் வீட்டு ஏசி நின்றாலும் விடியற்காலையிலேயே அத்தாவைத்தான் தேடுவார்கள். ஓதிக்கொண்டிருக்கும்போதே எடுத்து, "சார், வந்துகினே கீறேன் சார், கேம்ப் ரோடு தாண்டிட்டேன்" என்பார். எதிரே பலகையில் திருமறை திறந்திருக்கும். மாடம்பாக்கத்தில் போன் செய்த மனிதர் கேட்டைத் திறந்துவைத்துக் காத்திருப்பார். இவர் எங்கள் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஓதுறப்ப பொய் சொல்றீங்க. போய் ஒளு செஞ்சுட்டு வாங்க" என்பேன்.

"பொய் சொன்னா ஒளு முறியாதும்மா. எனக்கு அது தெரியும்" என்று வாதாடுவார். மார்க்கத்தில் அவருக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் எழுந்துபோய்க் கைகால் முகம் கழுவிக்கொண்டு வருவார். அதில் கொஞ்ச நேரம் போய்விடும். அதற்காகவே பொய் சொல்கிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

ஆலிமாவைப் போலவே நானும் ஒரு மர ஸ்கேல் வைத்திருந்தேன். அடிக்கவில்லை, பலகையில் தட்டுவேன். நேற்றைய பாடத்தை ஒப்பிக்காமல் இன்றைய பாடம் கிடையாது என்று சட்டம் போட்டிருந்தேன். அத்தா தலையைச் சொறிவார், தண்ணீர் கேட்பார், அம்மாவிடம் டீ என்னாச்சு என்பார். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் சிரிக்கிறாள் என்பது தோள் குலுங்குவதில் தெரியும். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர் எப்போது கற்றுக்கொண்டு, எப்போது முன்னால் நிற்பது? சபையில் மறுபடி தலையாட்டினால் இந்தத் தடவை அது என்னுடைய அவமானமும்தான்.

ஆனாலும் வந்தார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, எழுத்து எழுத்தாக, அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் சின்ன அத்தியாயங்களைப் பார்த்து ஓதும் அளவுக்கு வந்துவிட்டார். அந்தத் தொண்டை எழுத்துகூட ஒருநாள் சரியாக வந்தது. தொழுகைக்குரியதையெல்லாம் வரிசையாக முடித்தோம். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. எதற்காக எல்லாம் ஆரம்பித்ததோ, அந்த மையித்துக்கான துஆ.

அங்கே வந்து வண்டி நின்றுவிட்டது. துஆப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அத்தாவுக்குப் பழைய பாடத்தில் சந்தேகம் வரும். "நேத்து ஓதினது திருப்தியா இல்லம்மா, இன்னொரு தடவ பாத்துரலாம்" என்பார். மறுநாள் நீட்டி ஓதவேண்டிய இடத்தை நீட்டவில்லை என்று அவரே கண்டுபிடிப்பார். அதற்கடுத்த நாள் மாடம்பாக்கத்துக்காரர் கூப்பிடுவார். எத்தனை வாரம் இப்படி இழுத்தடித்தார் என்று எனக்கே கணக்கு விட்டுப்போனது. ஸ்கேலைத் தட்டிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன், எனக்குப் பரீட்சை வருகிறது என்று கண்ணைக் கசக்கிக்கூடப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்பார். மறுநாள் பழைய பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார்.

அந்த ஆத்திரத்தில் இருந்தபோதுதான், ஒருநாள் தாதாவுக்கு டீயும் ரஸ்க்கும் கொண்டுபோனேன். அவர் சாவகாசமாக, "உங்கத்தா பாடம் எதுவரிக்கும் வந்துகீது?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் நடத்திய ரகசியம் இவ்வளவுதான். பாடமா, என்ன பாடம் என்று மழுப்பியிருக்கவேண்டும். ஆனால் அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த எரிச்சல் முந்திக்கொண்டது.

"எல்லாம் முடிஞ்சிடுச்சு தாதா. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதைத் தொடவே மாட்டேங்குறாங்க. எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேங்குறாங்க."

"எது பாக்கி?"

அப்போதுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. தாதா ரஸ்க்கை டீயில் தோய்த்து, உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்று விழுங்கினார்.

"உட்ருமா. அவசரப்படுத்தாத" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

படிப்பு விஷயத்தில் அப்பனும் மகனும் ஒரே மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கோடை தொடங்கியதும் தாதாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சில நாளில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் அத்தா என்னை எழுப்பினார். அடுப்படியில் பாய் விரித்திருந்தது. போனை அணைத்துத் தானே அலமாரிமேல் வைத்தார்.

"இன்னிக்கு அந்தப் பாடம் எடுத்துரலாம்மா" என்றார்.

நான் சொல்லிக்கொடுக்க வாயைத் திறக்குமுன் அவரே ஓதினார். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை, பார்க்காமல், எங்கும் தடுக்காமல். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டினார். தொண்டை எழுத்து தொண்டையிலிருந்து வந்தது. ஸ்கேலைத் தட்ட எனக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றிருந்தாள்.

"எப்ப கத்துக்கினீங்க?"

"வண்டில போகும்போது போன்ல கேட்டுகினே போவேன். ரொம்ப நாள் ஆச்சும்மா."

"அப்ப இத்தனை நாளா ஏன் என்னைச் சாவடிச்சீங்க?"

அத்தா துஆப் புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அலமாரியில் வைத்தார். தெரிந்துவைத்துக்கொண்டே ஏமாற்றியிருக்கிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பாடத்தை என்னிடம் ஒப்பித்துவிட்டால் எல்லாம் தயார் என்று ஆகிவிடும், தகப்பனை அனுப்பத் தயாராக அவருக்கு மனமில்லை என்பதெல்லாம் அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? அன்று மாலைவரை நான் அவரோடு பேசவில்லை.

அந்த வாரமே தாதா மௌத்தாகிவிட்டார்.

பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். அடக்கம் முடித்து வந்த அண்ணனைத் தனியாக இழுத்துக்கொண்டுபோய் விசாரித்தேன். ஹஜரத் வழக்கம்போலத் திரும்பிக் கேட்டாராம். அத்தா கொஞ்சமும் தயங்காமல் முன்னால் போய் நின்றாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"தப்பில்லாம ஓதினாங்களா? சத்தமா ஓதினாங்களா?"

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஜனாஸாவுல எவன் சத்தமா ஓதுவான்? அல்லாஹு அக்பர்னு தக்பீர் மட்டும்தான் சத்தமா சொல்வாங்க. மத்ததெல்லாம் மனசுக்குள்ளதான். உனக்கு அதுகூடத் தெரியாதா?"

தெரியாது. நான் ஜனாஸா தொழுகையைப் பார்த்ததே இல்லை. ஒரு எழுத்துக்காக மாதக்கணக்கில் என் தொண்டை வறண்டது, தூக்கம் கெட்டது, எல்லாம் ஒருவர் காதிலும் விழாமல் போய்விட்டது. அத்தா அங்கே ஓதினாரா, சும்மா நின்றாரா என்பதற்கு அல்லாஹ்வைத் தவிர சாட்சி இல்லை.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். மறுநாள் விடியற்காலையில் என் தோளை யாரோ உலுக்கினார்கள். அத்தாதான். வேலைதான் முடிந்துவிட்டதே, இனிமேல் எதற்கு என்று முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். ஹாலில் கட்டில் காலியாக இருந்தது. அத்தா பழக்கத்தில் கதவைச் சாத்தினார்.

"அன்னிக்குப் பள்ளிவாசல்ல ஓதினத எனக்கு ஓதிக் காட்டுங்க" என்றேன்.

அத்தா ஆரம்பித்தார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மறுபடியும் எடுத்துக்கொடுத்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

நான் அம்மாவைப் பொருட்படுத்தவில்லை. அரபி எழுத்துப் பாடப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து பலகையில் வைத்தேன். "அலிஃப்லேர்ந்து ஓதுங்க" என்று ஸ்கேலைத் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தா துண்டை எடுத்தார். எழுத்தின்மேல் விரலை வைத்து, முதலிலிருந்து ஓத ஆரம்பித்தார்.

பள்ளிக்கூட வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததை ஒரு வாரம் முடிவதற்குள் இப்படி மறந்துவிட்டாரே என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.