செங்கலுக்குக் கீழே

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் காலனிப் பூங்காவில் மரம் நடக் குழி தோண்டும் வேலையை நான்தான் மேற்பார்வை பார்த்தேன். மறுநாள் காலை கன்றுகள் வந்துவிடும். ஒரே ஒரு குழிதான் பாக்கி.

தோண்டிக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா கடப்பாரையை நிறுத்தினார். "சார், இங்க வரிசையா செங்கல் கீது. கேபிளுக்கு மேலதான் இப்படி அடுக்குவாங்க. கீழ கரண்ட் கேபிள் போவும்போல. லைன்மேனைக் கூப்டுங்க."

"வீடு இடிச்ச கல்லுதான்க்கா. பூங்காவுக்குள்ள கேபிள் எப்படி வரும்? சும்மா குத்துங்க" என்றேன். எனக்கு எதுவும் தெரியாது. வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது.

அவர் கோபப்படவில்லை. கடப்பாரையை என் கையில் கொடுத்து, "அப்போ நீங்களே ஒரு குத்து குத்துங்க சார்" என்று தள்ளி நின்றார்.

வீம்பாக ஓங்கினேன். கை அப்படியே நின்றுவிட்டது. உண்மையிலேயே கேபிள் இருந்தால்? உள்ளங்கை வியர்த்து இரும்பு வழுக்கியது. என் மகளின் முகம் கண்முன் வந்தது. கடப்பாரையை ஓசையில்லாமல் தரையில் வைத்தேன்.

நான் போன் செய்ததும் லைன்மேன் வந்து, சப்ளையை நிறுத்தச் சொல்லிவிட்டு, செங்கற்களைக் கையால் எடுத்தார். என் மணிக்கட்டுக் கனத்தில் கறுப்புக் கேபிள். "இவ்ளோ நேரம் கரண்ட் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு சார்" என்றார்.

மண்குவியலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை அக்கா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"மன்னிச்சிடுங்கக்கா."

"குடிங்க சார். குழிய அந்தாண்ட எடுத்துக்கலாம்."

நானே செய்யப் பயந்த வேலையை அவரை எவ்வளவு சுலபமாகச் செய்யச் சொன்னேன்! அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூட அன்றுவரை நான் கேட்டதில்லை.