காலை ஆறு நாற்பத்திரண்டுக்கு யாரோ படித்த ஃபைல்

நான் இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டுச் சிரிக்கிற ஆள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். தலவாக்கலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பதினாறாம் நம்பர் மலையில் முனி நடக்கிறது என்று யாராவது சொன்னால், "அப்படியா, இன்னைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுத்துச்சாம்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இப்போது நான் சொல்வதைக் கேட்டு நீங்களும் அப்படி ஏதாவது கேட்கலாம். கேளுங்கள். நடந்தது நடந்ததுதான்.

என் மகள் நித்யா கண்டிப் பக்கம் கெம்பஸில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். தங்கியிருந்தது ஒரு சரிவுக்குக் கீழே இருந்த போடிங் வீட்டில். மழை என்று ரேடியோவில் ஒரு சொல் வந்தால் போதும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவளுக்குப் போன் எடுப்பேன்.

போன லீவுக்கு வந்தபோது சண்டை பிடித்தாள். "அம்மா, நீங்க அம்மாவா கங்காணியா? விடிஞ்சா பெரட்டு, மத்தியானம் பெரட்டு, அந்திக்குப் பெரட்டு. பேரு கூப்பிட்டு ஆள் எடுக்குற மாதிரியே எடுக்குறீங்க. பக்கத்துல இருக்குற பிள்ளை என் போன் நடுங்கினாலே 'உன் பெரட்டு வந்துருச்சு'ங்குறா."

"நீ இருக்கியான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"தெரியணும். அதுக்கு ஒரு வழி செஞ்சு தாரேன்."

செய்தும் தந்தாள். எங்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், அதில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தாள். அதற்குள் 'இருக்கேன்' என்று ஒரு ஃபைல். உள்ளேயும் அந்த ஒரு சொல்தான். தினமும் கெம்பஸிலிருந்து இன்டர்நெட் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் வந்து அதை ஒரு தடவை படிப்பாள். படித்த நேரம் அதில் பதிந்துவிடும். நான் 'பார்' என்று அடித்தால், அவள் எழுதிய சின்ன புரோகிராம் ஃபைலைத் திறக்காமலே ஒபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டு நாலு வரி காட்டும்: ஃபைலின் அளவு, கடைசியாக எழுதிய நேரம், கடைசியாகப் படித்த நேரம், பேர்கள் எத்தனை.

"தராசுல கொழுந்து மூட்டையை அவிழ்க்காம சீட்டை மட்டும் பாப்பாங்கல்ல, அது மாதிரிம்மா. எக்காரணம் கொண்டும் ஃபைலைத் திறந்துறாதீங்க. திறந்தா நீங்க படிச்ச நேரம் விழுந்து என்னுது போயிரும்."

"பேர்கள் ஒண்ணுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"ஒரே ஃபைலுக்கு ரெண்டு பேரு வைக்கலாம். என்னைய வீட்டுல நித்யாங்குறீங்க, பிறப்புப் பதிவுல வேற பேரு இருக்கு. ஆள் ஒண்ணுதானே. ஒரு பேரை அழிச்சாலும் மத்தப் பேரு இருக்குற வரைக்கும் ஃபைல் போகாது. இதுக்கு ஒரே பேருதான்."

நன்றாகத்தான் இருந்தது. ஸ்கூலுக்குப் போகுமுன் ஒரு 'பார்', வந்து ஒரு 'பார்'. போன் எடுப்பது குறைந்தது.

அப்புறம் அந்த மழை. செவ்வாய்க்கிழமை அந்தியில், போடிங்குக்குப் பின்னால் மண் சரியுது என்று ஒரு மெசேஜ் போட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குப் போன் போகவில்லை. ஆனால் ஃபைலை மட்டும் அன்று ராத்திரி ஒன்பதே காலுக்குப் படித்திருந்தாள். புதன்கிழமை காலையிலும் அதே ஒன்பதே கால், மத்தியானமும் அதே. மூன்று மணிக்கு என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே எனக்கு ஏதாவது எழுதி வைத்திருக்கிறாளோ என்று, திறக்காதே என்று அவள் அத்தனை தடவை சொல்லியும், திறந்துவிட்டேன். 'இருக்கேன்' என்ற ஒரே சொல். மறுபடி 'பார்' அடித்தால் மூன்று பத்து, அது என் நேரம். இடையில் அவள் வந்து படித்திருந்தால் அதை என் கையாலேயே அழித்துவிட்டேன். மேசையில் தலை வைத்து அழுதது அப்போதுதான்.

நாலு மணிக்குக் கரண்ட் போனது, கம்ப்யூட்டரும் அணைந்தது. கண்டிப் பாதை மூடியாச்சு, எந்தப் போனுக்கும் சிக்னல் இல்லை. அந்த ராத்திரியை எப்படிக் கழித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்குக் கரண்ட் வந்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன், அவர்தான் கம்ப்யூட்டரைப் போட்டார். ரவுட்டரில் சிவப்பு லைட், இன்டர்நெட் வரவில்லை. என்ன பிரயோசனம் என்று தெரிந்தும் விரல் பழக்கத்தில் 'பார்' அடித்தேன்.

கடைசியாகப் படித்தது: வியாழன், காலை 6.42.

"உள்ள கடிகாரத்துப் பட்டரி போயிருக்கும் டீச்சர், நேரம் பிழையாக் காட்டுது" என்றார். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அந்தப் பட்டரியைப் போன வருஷம் மாற்றியதே அவர்தான். கம்ப்யூட்டர் எப்போது அணைந்தது, எப்போது எழும்பியது என்று தேடினார். புதன் நாலு மணி, வியாழன் பத்து இருபது. நடுவில் ஒன்றும் இல்லை. போனை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்தார். ஏன் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது.

நம்பினால் நம்புங்கள், அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பயம் வரவில்லை. எழும்பிப் போய் அடுப்பில் உலை வைத்தேன். முதல் நாளிலிருந்து வீட்டில் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

பின்னேரம் சிக்னல் வந்தது, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பும் வந்தது. "அம்மா, நான்தான். ஒரு ஸ்கூல்ல இருக்கோம். எனக்கு ஒண்ணும் இல்ல." போடிங் வீட்டின் பின்பாதி அன்று விடிய இடிந்து போயிருந்தது. எல்லாரும் முன்னமே ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பாதை திறந்து அவள் வீட்டுக்கு வர அஞ்சு நாளானது. நான் எதையும் சொல்லாமல், சோறு போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டேன், சுவர் விழுந்தபோது நேரம் பார்த்தியா என்று.

"ஏழு மணி இருக்கும்மா. அதுக்குக் கொஞ்சம் முன்னதான் ஓடி வந்தோம். போன் செத்துப் போச்சு. இவ்வளவு நேரத்துக்கு அம்மா 'பார்' அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சிருக்கும்னு நெனச்சேன். ரோட்டுல சும்மா நிக்க முடியாம, கீபோர்ட்ல அடிக்கிற மாதிரி தொடையிலேயே அடிச்சேன்."

"எதை?"

"எல்லாத்தையும்தான். உள்ள வாறது, பாஸ்வேர்ட், ஃபைலைப் படிக்கிறது, ஒரு எழுத்து விடாம. பைத்தியம் மாதிரி, இல்லையாம்மா?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, போனில் இருந்த படத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

என் மகளும் இலேசில் நம்புகிறவள் இல்லை. முதலில் சிரித்தாள். இங்கத்து நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள அஞ்சரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்த்தாள், கழித்துப் பார்த்தாள், ஒத்து வரவில்லை. கரண்ட் போய் வந்தால் டிஸ்க் பழுதாகி ஏதாவது எழுதிக்கொள்ளும் என்றாள், அதையும் சோதித்தாள், பழுது ஒன்றும் இல்லை. அப்புறம்தான் போனைக் கிட்டே பிடித்துப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"அம்மா, கடைசி வரியைப் பாத்தீங்களா?"

நாங்கள் இருவருமே பார்த்திருக்கவில்லை. பேர்கள்: 2.

அந்த இன்னொரு பேரை அன்று அந்தி வரைக்கும் தேடினாள். ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ளே ஒரு இலக்கம் உண்டாம், எத்தனை பேர் வைத்தாலும் அது மாறாதாம். அந்த இலக்கத்தைக் கொடுத்து டிஸ்க் முழுக்கத் தேடச் சொன்னால் வந்தது ஒரே பேர்தான். எங்களுக்குத் தெரிந்த 'இருக்கேன்'. மறுபடி 'பார்' அடித்தால் 2 என்கிறது.

இப்போது அவள் வேறு போடிங்கில் இருக்கிறாள், சமதரையில், மலைக்குத் தூரமாக. நான் மறுபடி போன் எடுக்கத் தொடங்கிவிட்டேன், அவளும் முணுமுணுக்காமல் பேசுகிறாள். போன கிழமை அவளே சொன்னாள், "அந்த ஃபைலை அழிச்சிருங்கம்மா, அதான் நான் போன்ல பேசுறேனே."

சரி என்று சொல்லிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அழிக்கிற கட்டளையை அடித்தும்விட்டேன். கடைசிப் பொத்தானை மட்டும் அமுக்க விரல் போகவில்லை. அழித்தால் ஒரு பேர் போய் ஒரு பேர் மிஞ்சும். அன்று காலையில் அவளைக் காப்பாற்றி வைத்தது இந்தப் பேரா, அந்தப் பேரா என்று எனக்குத் தெரியாதே.

இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்கூலுக்குப் போகுமுன் தினமும் நாலாவது வரியை மட்டும் பார்க்கிறேன்.