மீதி ஆறு கோர் எங்கே?

ஒரகடம் ஆலையில், உதிரிபாகங்களின் படங்களைச் சரிபார்ப்பது எங்கள் சர்வருக்குள் ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டர். இன்று காலை அது, கணக்கைச் செய்யும் கோர்கள் போதாமல் திணறி, லைனே நின்றுவிட்டது.

லைன் சூப்பர்வைசர், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் என் மேசைக்கு வந்து கத்தினார். “எட்டு கோர் குடுத்தேன்னு சொன்ன. ஸ்கிரீன்ல ரெண்டுதான் கீது. மீதிய யாருக்கும்மா குடுத்த?”

“எட்டும் அதுலதான் சார் இருக்கு.”

“அப்போ நான் இன்னா பொய் சொல்றேனா?”

நாங்கள் இருவரும் சொன்னது உண்மைதான். மெஷினை அமைத்த கம்பெனிக்காரர் எட்டு கோரையும், ஒன்றுக்கு ஒரு கோர் என்று எட்டுத் தனி ப்ராசஸராகக் காட்டியிருந்தார். அதில் ஓடும் விண்டோஸோ இரண்டு ப்ராசஸருக்கு மேல் ஏற்காது. மெஷினை அணைத்து, ஒரே ப்ராசஸருக்குள் எட்டு கோர் என்று மாற்றினேன். லைன் ஓடியது.

அவர் திரையில் எட்டையும் எண்ணிப் பார்த்தார். “பாத்தியா, சத்தம் போட்டதும் திருப்பி வெச்சிட்ட” என்றார். மேனேஜரிடமும் அதையே சொல்லியிருக்கிறார்.

திருடிய ஆறு கோரை வைத்து நான் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்திருப்பேன்? நீங்களே சொல்லுங்கள். மேனேஜர் கேட்டால் பதில் வேண்டும்.