இரண்டாவது திருகாணி

பேய் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுகிற ஆள் நான். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த கையோடு, திண்டுக்கல் முழுக்க டெஸ்டரும் ஸ்குரூடிரைவருமாக அலைந்துகொண்டிருந்தவன். ஆகவே நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன், ஆனால் நடந்தது பட்டப்பகல் இரண்டு மணிக்கு, நானே கையை விட்டுப் பார்த்தது.

பெரியம்மா மகள் எஸ்தர் அக்காவை ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கோழிப்பண்ணை வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். அந்த ஊருக்குக் கரண்டு வந்த வருஷமே, முட்டை பொரிக்கிற மரப்பெட்டி ஒன்று செய்து கொடுத்தேன். தட்டுக்கு அடியில் சூடேற்றும் கம்பிச்சுருளான காயில், பின்பக்கம் தெர்மோஸ்டாட், முன்பக்கம் பார்க்க ஒரு கண்ணாடி, உள்ளே சூடு காட்ட ஒரு தெர்மாமீட்டர். விஷயம் எளிது: காயிலுக்கு ஒரு ஒயர் நேராகப் போகும், மற்றது தெர்மோஸ்டாட் வழியாகத்தான் போகும். அதற்கு இரண்டு டெர்மினல், கரண்டு வருவதற்கு ஒன்று, காயிலுக்குப் போவதற்கு ஒன்று. சூடு நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் உள்ளே தகடு வளைந்து 'டிக்' என்று தொடர்பை விட்டுவிடும், ஆறினால் மறுபடி 'டிக்' என்று தொடும். ஒரு ஒயர் கழன்றாலும் அது வெறும் மரப்பெட்டிதான்.

அக்காவின் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "கோழி செய்யிற வேலையக் கம்பி செய்யுமாக்கும். இந்த ஒருக்கா பொரிக்கலைன்னு வையி, பெட்டிய வெறகாக்கிப்புடுவேன். அப்புறம் பண்ணை கிண்ணைன்னு வாயத் தொறக்கக் கூடாது."

அக்காவும் வீம்புக்கு, அன்றுதான் அடைக்கு உட்கார்ந்திருந்த செவலைக் கோழியைத் தூக்கிவிட்டு, அதன் முட்டைகளையும் சேர்த்து அறுபது முட்டைகளைத் தட்டில் அடுக்கினாள். செவலையை எனக்காக அடித்துக் குழம்பு வைத்தாள். "இனி அடைக்கோழி எதுக்குடா நமக்கு?"

நான் இரண்டாவது டெர்மினலின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, "வாடா, செத்த நேரத்துல ஆறிப்போகும்" என்று கூப்பிட்டாள். போய்விட்டேன். கால் துண்டு எனக்குத்தான்.

பத்தொன்பதாம் நாள் ஆள் அனுப்பினாள். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

"அந்த டிக் சத்தம் ரெண்டாம் நாளோட நின்னுபோச்சுடா. சூடு நூறுலயே நிக்குது, அசைய மாட்டேங்குது. நல்லதுதான?"

எப்படி நல்லது? தெர்மோஸ்டாட் வைத்த பெட்டியில் சூடு கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்றினேன். இரண்டாவது டெர்மினலின் ஒயர் கழன்று தொங்கியது. இப்போதுதான் கழன்றது என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை, ஒயர் இருக்க வேண்டிய துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது, அந்த மண்ணும் காய்ந்து வெடித்திருந்தது. காயிலைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

அக்கா முட்டையைப் புரட்டும்போதெல்லாம் தட்டை வெளியே இழுத்துவிடுவாள், பெட்டிக்குள் கைவிட்டதில்லை. நான் விட்டேன். முட்டைகள் கதகதவென்று இருந்தன. புறங்கையில் மெத்தென்று ஏதோ அழுந்தியது. இறகு. அதற்கடியில் மூச்சுவிடுகிற சதை. கண்ணாடி வழியாகப் பார்த்தால் என் கையும் முட்டைகளும் மட்டும்தான். பிறகு நறுக்கென்று ஒரு கொத்து.

"என்னடா, ஷாக் அடிச்சிருச்சா?" வாசலிலிருந்து அக்கா.

"ஆமாக்கா."

"படிச்ச லட்சணம்."

மண்ணைக் குத்தியெடுத்து ஒயரை மாட்ட ஒரு நிமிஷம் போதும். ஸ்குரூடிரைவர் கையிலேயே இருக்கிறது. மாட்டினால் உள்ளே இருப்பது எழுந்து போய்விடுமா, சூட்டின்மேல் சூடு ஏறி முட்டை வெந்துவிடுமா, மாட்டாமல் விட்டு அது இன்றைக்கே போய்விட்டால் அக்கா அந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பாள், நான் படித்த எந்த வயரிங் படத்திலும் இதற்குப் பதில் இல்லை. ஒயர் முனையில் டேப்பைச் சுற்றி ஓரமாகச் செருகிவிட்டுப் பலகையை மூடினேன்.

இருபத்தோராம் நாள் அறுபதும் பொரித்தன. கூமுட்டை ஒன்றுகூட இல்லை. மாமியாரே நாலைந்தை மடியில் அள்ளிவைத்துக்கொண்டு, "கம்பிக்கும் தாய்மனசு இருக்கும்போலயே" என்று சிரித்தார். அக்கா அழுதாள்.

அப்புறம் ஒயரை மாட்டினேன், இன்றைக்கும் பெட்டி டிக் டிக்கென்று ஒழுங்காக ஓடுகிறது, பண்ணையும் நடக்கிறது, யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் நான் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்க்காமல் எழுவதில்லை. அதையெல்லாம் விடுங்கள். குஞ்சுகள் குளிருக்கு விளக்கடியில்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடையும். அந்த அறுபதும் அன்று பொழுது சாய்ந்ததும் விளக்கை விட்டுவிட்டு, இருட்டு மூலையில் போய் வட்டமாக ஒடுங்கின, எல்லாம் உள்பக்கம் முகம் வைத்து.

"நடுவுல எதுக்குடா எடம் விட்டிருக்குதுக?" என்று கேட்டுவிட்டு அக்கா தவிடு எடுக்கப் போனாள்.

ஒரு கோழி இறக்கை விரித்து உட்காரும் அளவுக்கு இடம். நான் ஒரு குஞ்சை எடுத்து அந்த நடுவில் விட்டேன். அது தரைக்கு வரவில்லை. ஒரு சாண் உயரத்தில் கால் ஊன்றி நின்று, கண்ணை மூடித் தூங்கத் தொடங்கியது.