இடது கன்னத்துத் தழும்பு

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிலிமை மருந்துத் தண்ணீரில் முக்கிக் கழுவிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். இருட்டறை அவளுக்குப் புதிதல்ல. ஆனால் காகிதத்தில் ஒரு முகத்தை வரவழைக்க அவள் கற்றுக்கொள்ளப் போனது, தம்பி செத்துப் பல வருஷம் கழித்து, அம்மாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கிய பிறகுதான்.

அவன் முகம் தெளிவாக விழுந்த நெகடிவ் ஒன்றே ஒன்று இருந்தது. முதலில் கடையில் கொடுத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் கன்னத்துத் தழும்பைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டு, முகத்தையும் மெழுகிக் கொடுத்தார்கள். அம்மா அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, "யாருடி இந்த மாப்பிள்ளை?" என்றாள். இருக்கிற பார்வை எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றுவிட்டார் கண் டாக்டர்.

இருட்டறையில் போட்டோ அச்சிடக் கற்றுத்தந்த பெண்ணுக்கு அவள் வயதில் பாதிகூட இருக்காது.

"அக்கா, காகிதத்தை மருந்துலேருந்து பாதியில தூக்காதீங்க. சிவப்பு வெளிச்சத்துல எல்லாமே கறுப்பாத்தான் தெரியும். வெளியே கொண்டுபோனா சோகை பிடிச்ச மாதிரி இருக்கும்."

"தெரியும்மா. கை கேக்க மாட்டேங்குது."

"எலும்புப் படத்தை எல்லாம் இப்படித்தான் பிடுங்கினீங்களா?"

எலும்புக்கு அவள் அவசரப்பட்டதே இல்லை. தம்பியின் முகத்தில் கறுப்பு ஏற ஏற, அவன் மறுபடி போய்விடுவானோ என்று பயம். வெளுத்துப்போன காகிதங்கள் நிறையச் சேர்ந்தன. கடைசியில் ஒன்று தேறியது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கொடுத்தாள்.

அம்மா நெடுநேரம் பார்த்தாள். "அவன் மாதிரி இருக்கு. அவன் இல்ல."

"ஏம்மா?"

"தழும்பு இடது கன்னத்துலடி. கம்பி கிழிச்சப்ப மடியில போட்டு மருந்து வச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு புறமும் மருந்துப் பூச்சு உண்டு. எது முன், எது பின் என்று பார்க்க வேண்டியதே இல்லை. வலது, இடது எதுவென்று ஓரத்தில் விழும் ஈய எழுத்து சொல்லிவிடும். அந்தப் பழக்கத்தில், ஒரு புறம் மட்டும் பூச்சுள்ள நெகடிவைப் புறம் பார்க்காமல் செருகியிருக்கிறாள்; இடது வலதாகிவிட்டது. கண்ணாடி முன் தலை வாரும்போது அவன் பார்த்த முகம் இதுதான் என்று நினைத்தாள். அவன் அறிந்த முகம் ஒன்று, பெற்றவள் அறிந்த முகம் வேறொன்று. இரண்டில் எது அவன்? கண் மங்குகிறவளிடம் கேட்கும் கேள்வி அல்ல அது.

"நாளைக்கு நானும் வரேன்," என்றாள் அம்மா. "உன்னை நம்பினா இன்னொரு தடவை தலைகீழாப் போட்டுக் கொண்டுவருவே."

"தலைகீழாத்தாம்மா வைக்கணும். நான் புறத்தை மாத்திட்டேன்."

"என்னமோ ஒண்ணு."

மறுநாள் இருட்டறையில் அம்மாவை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அந்தச் சிவப்பு வெளிச்சம் அவளுக்கு வெறும் இருட்டு. மகள் நெகடிவைச் சாய்த்துப் பார்த்து, பூச்சுள்ள மங்கலான புறம் கீழே வரும்படி, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் செருகினாள். ஒளி காட்டிய காகிதத்தை டெவலப்பர் மருந்துத் தட்டில் நழுவவிட்டாள்.

"வந்துட்டானா?"

"முடி வருதும்மா. நெத்தி வருது."

"கண்ணு?"

"வருது."

"சரி, வரட்டும்."

கறுப்பு ஏறியது. எக்ஸ்ரேக்கா இரண்டு கைகளாலும் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண், "இப்ப எடுங்கக்கா," என்று சொல்லும்வரை கையை அசைக்கவில்லை. படத்தை நிலைக்கவைக்கும் பிக்ஸரில் ஊறி முடிந்ததும் வெள்ளை விளக்கைப் போட்டார்கள்.

சொட்டச் சொட்ட நீட்டிய படத்தை அம்மா மூக்கு தொடுமளவுக்குக் குனிந்து பார்த்தாள். தழும்பு இடது கன்னத்தில் இருந்தது.

"இவ்வளவு சின்னப் பையனாவா இருந்தான்?" என்றாள்.

மகள் படத்தை வாங்கி ஓடுகிற தண்ணீரில் போட்டாள். மருந்து முழுக்கப் போகும்வரை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் படம் நாளடைவில் நிற்காது. அதுவரை இருந்து போகலாம் என்றாள் அம்மா.